கற்பிட்டிக் காற்றுக்கு ஒரு கழகம் வேண்டும்

மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று பலமாக வீசும் நாட்களில் கற்பிட்டியில் சிறு படகுகள் கரையிலேயே கிடக்கும். அதே காற்றைத் தேடித்தான் வெளிநாட்டவர் கைட் சேர்பிங், வின்ட் சேர்பிங் விளையாட வருகின்றனர். எமது இளைஞர் சிலரும் அதைக் கற்றுப் பயிற்றுநர்களாகிவிட்டனர். அவர்களைப் பார்த்து, பழைய பலகையொன்று கிடைத்ததும் தனியாகக் கடலில் இறங்கும் சிறுவர்களை நினைத்தே நான் கவலைப்படுகிறேன்.

கழகம் என்பது விளையாட்டுச் சட்டையும் வெற்றிக் கிண்ணமும் மட்டுமல்ல. புதியவருக்கு முதலில் நீச்சல் பழக்குவது, விலைகூடிய பலகையைப் பலர் முறைவைத்துப் பாவிப்பது, உயிர்காப்பு அங்கியின்றி எவரையும் இறங்க விடாதிருப்பது, இறங்கியவர்கள் அனைவரும் திரும்பினார்களா என ஒருவர் கரையில் நின்று எண்ணுவது ஆகியவையே அதன் அன்றாட வேலைகள்.

காற்றின் திசையையும் அது கற்பிக்க வேண்டும். எமது மேற்குக் கடற்கரையில் தென்மேல் காற்று கடலிலிருந்து கரைநோக்கி வீசுகிறது. பாய்மரம் முறிந்தாலும் கரை சேரலாம். வடகீழ்ப் பருவக்காற்றோ களைத்தவரை ஆழ்கடலுக்குத் தள்ளும். புத்தளம் களப்புப் பக்கக் கரையில் இது அப்படியே தலைகீழ்.

இதை எமது மீனவப் பெரியவர்கள் நன்கறிவார்கள். வலை விரிக்கும் இடம் எது, பலகை ஓடும் இடம் எது என அவர்களுடன் அமர்ந்து பேசி முடிவெடுத்தால் கழகத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு ஜனாஸாவுக்காகக் கூடுவதற்கு முன், இதற்காக ஒருமுறை கூடுவோம்.