கருப்பட்டியும் சர்க்கரைதான்

"கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது", "இந்துப்புக்கு இரத்த அழுத்தம் கூடாது", "இளநீர் சிறுநீரகத்தைக் கழுவும்". இத்தகைய வாட்ஸ்அப் செய்திகளைக் கைப்பேசியில் காட்டி எம்மிடம் விளக்கம் கேட்போர் பலர். கேட்பது நன்று, கேளாமலே கடைப்பிடிப்போரைப் பற்றித்தான் எமக்குக் கவலை.

இச்செய்திகள் முழுப்பொய்யாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். கருப்பட்டியில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு உண்டு என்பது மெய். ஆயினும் அதன் எடையில் பெரும்பங்கு சுக்ரோஸ். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. நாட்டுச் சர்க்கரை, வெல்லம் ஆகியவற்றின் நிலையும் இதுதான். "ரசாயனம் கலவாதது" என்னும் சொல் தயாரிப்பு முறையைக் குறிக்கிறது. நீரிழிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தீங்கில்லை என்ற துணிவில் ஒரு கரண்டி இரண்டாகிவிடுவதும் உண்டு.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. எந்த உப்பாயினும் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பை மட்டுமே பயன்படுத்தும் வீட்டில் அயோடின் குறைபாடும் நேரக்கூடும்.

மூன்றில் மிகவும் அஞ்சத்தக்கது இளநீர்ச் செய்திதான். நலமுள்ளோருக்கு இளநீர் நல்ல பானம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றோரின் உடல் அதை வெளியேற்ற இயலாமல் தேக்கிக்கொள்ளும். குருதியில் பொட்டாசியம் அளவு மீறினால், முன்னறிகுறி ஏதுமின்றியே இதயத் துடிப்பு தடுமாறலாம், நின்றும் போகலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வீட்டார் அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீரே அவருக்கு ஆபத்தாகக்கூடும். "சோடியம் குறைந்தது" என விற்கப்படும் உப்பு வகைகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிகள் அவற்றையும் மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டாம்.

ஆகவே ஒரு செய்தி வந்தால், எவ்வளவு உண்ணவேண்டும், யாருக்கு ஆகாது என்ற இரண்டும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இரா. "மருத்துவர்கள் மறைக்கும் உண்மை" என்ற தலைப்பும், "மாத்திரையே வேண்டாம்" என்ற முடிவும் மட்டும் தவறாமல் இருக்கும். அனுப்பியவர் பெரியப்பாவாக இருந்தால் வாதிட வேண்டியதில்லை. செய்தியை அழிக்காமல் வைத்திருந்து, அடுத்த முறை வரும்போது எம் உணவியல் வல்லுநரிடம் காட்டுங்கள். அதுவரை மாத்திரை வழக்கம்போல் தொடரட்டும்.