பெயரை விட்டுக்கொடுத்தார், நாட்டை விடவில்லை!



அயர்லாந்து நடிகை மாரீன் ஓஹாராவைத் தெரியுமா? 1920-ல் டப்ளின் நகரத்தில் பிறந்தவர். சொந்தப் பெயர் மாரீன் பிட்சைமன்ஸ். சினிமாவுக்கு வந்தபோது, பெயர் ரொம்ப நீளம் என்று சொல்லி நடிகர் சார்லஸ் லாட்டன் 'ஓஹாரா' என்று மாற்றிவிட்டார். அவருக்குப் பிடிக்கலை. சின்னப் பெண், என்ன செய்வார்?

1939-ல் ஹாலிவுட் போய்ப் பெரிய நடிகை ஆனார். சண்டைக் காட்சிகளில் பலவற்றை டூப் போடாமல் தானே நடித்தார்.

1946-ல் அமெரிக்கக் குடியுரிமை கேட்டபோது, ஆவணத்தில் அவரை பிரிட்டன்காரர் என்று எழுதினார்களாம். அயர்லாந்தும் நம்மள மாதிரி பிரிட்டன்கிட்ட ரொம்ப காலம் அடிமைப்பட்டிருந்த நாடு. இந்தத் தடவை அவர் சும்மா இருக்கலை. நீதிபதி வரைக்கும் போய், தான் ஐரிஷ் என்று பதிய வைத்தார். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1952-ல் வெளிவந்த 'தி குவயட் மேன்' படத்துக்காக அயர்லாந்து கிராமத்திலேயே நடித்தார். 2014-ல், 94 வயதில், கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. மறு வருடம் காலமானார்.

என் சான்றிதழ் ஒன்றிலும் பெயர் தப்பாக இருந்தது. கேட்கப் பயந்து ஒரு வருஷம் பேசாம இருந்தேன். இவரைப் பற்றிப் படித்த மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்டேன். ஒரே ஒரு எழுத்துதான். திருத்திக் கொடுத்துட்டாங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி