டிரைவ் தெரியவில்லையா? பதற்றம் வேண்டாம்!

விண்டோஸ் 11 சிஸ்டத்தைப் புதிதாக இன்ஸ்டால் செய்திட பென் டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரை இயக்குகிறீர்கள். எந்த டிரைவில் பதிய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கிறது. நேற்று வரை நன்றாக இயங்கிய டிஸ்க் எங்கே போயிற்று? உடனே டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புதியது வாங்கக் கடைக்குச் செல்ல வேண்டாம். பெரும்பாலும் குறை டிஸ்க்கில் இருக்காது, டிரைவரில் இருக்கும்.

டிரைவ் வேறு, டிரைவர் வேறு. டிரைவ் என்பது தகவல்களைத் தேக்கி வைக்கும் சாதனம். டிரைவர் என்பது அந்தச் சாதனத்துடன் விண்டோஸ் பேச உதவும் சிறிய புரோகிராம். இரண்டிற்கும் இடையே மதர்போர்டில் அல்லது பிராசசரில் கண்ட்ரோலர் என்ற பகுதி உள்ளது. கண்ட்ரோலருக்கான டிரைவர் இல்லை எனில், அதன் பின்னால் உள்ள டிஸ்க் விண்டோஸ் கண்ணில் படாது.

இது புதிய பிரச்னை அல்ல. 2001ல் வந்த எக்ஸ்பி சிஸ்டத்தில், சில கண்ட்ரோலர்களுக்கு எப்6 கீயை அழுத்தி, பிளாப்பி டிஸ்க்கில் இருந்து டிரைவரைத் தர வேண்டியிருந்தது. இன்று பிளாப்பி இல்லை. பிரச்னை மட்டும் வேறு வடிவில் தொடர்கிறது.

முதல் சோதனை: பயாஸ்

கம்ப்யூட்டரை இயக்கியவுடன் எப்2 அல்லது டெலீட் கீயை அழுத்தி பயாஸ் உள்ளே செல்லவும். (நிறுவனத்திற்கு நிறுவனம் இந்தக் கீ மாறும்.) அங்கு டிஸ்க்கின் பெயர் காட்டப்படுகிறதா என்று பார்க்கவும். இல்லை எனில், மின் இணைப்பை நீக்கிவிட்டு, சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் மீண்டும் சரியாகச் செருகவும். எம்.2 வகை எஸ்.எஸ்.டி. என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் சாட்டா, என்விஎம்இ என இரு வகைகள் உண்டு. சில ஸ்லாட்கள் ஒரு வகையை மட்டுமே ஏற்றுக் கொள்ளும்.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து "டிக் டிக்" எனத் தொடர்ந்து சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடவும். மீண்டும் மீண்டும் இயக்கினால் உள்ளே உள்ள பைல்களை மீட்பது கடினமாகும்.

பயாஸில் உண்டு, இன்ஸ்டால் செய்கையில் இல்லை

2020ல் வெளியான இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர் முதல், பல லேப்டாப்களில் விஎம்டி என்ற கண்ட்ரோலர் இயக்கப்பட்ட நிலையில் தரப்படுகிறது. இதற்கான டிரைவர் இல்லாததே காலிப் பட்டியலுக்கு வழக்கமான காரணம். கீழ்க்காணும்படி செயல்படவும்.

1. வேறொரு கம்ப்யூட்டரில், உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் தளம் சென்று, மாடல் எண்ணைத் தந்து, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை டவுண்லோட் செய்திடவும்.

2. அதனை விரித்து, ஐ.என்.எப். என முடியும் பைல்கள் உள்ள போல்டரை பென் டிரைவில் காப்பி செய்திடவும். விரிக்காத செட் அப் பைல் இங்கு பயன்படாது.

3. காலிப் பட்டியல் உள்ள விண்டோவில் "லோட் டிரைவர்" என்பதில் கிளிக் செய்து, பிரவுஸ் மூலம் அந்தப் போல்டரைக் காட்டவும். விஎம்டி என்ற பெயர் உள்ளதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் தட்டவும். டிஸ்க் பட்டியலில் வந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை நிறுத்திவிட்டால் போதுமே என்று சிலர் கூறுவார்கள். ஏற்கனவே விண்டோஸ் இயங்கும் கம்ப்யூட்டரில் அப்படி மாற்றினால், பூட் ஆகாமல் நீலத் திரை கிடைக்கலாம். பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கப்படலாம். எனவே டிரைவரைத் தருவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழி.

விண்டோஸ் இயங்குகிறது, இரண்டாவது டிஸ்க் இல்லை

விண்டோஸ் கீயுடன் எக்ஸ் கீயை அழுத்தி, கிடைக்கும் மெனுவில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் தேர்ந்தெடுக்கவும். அங்கு உள்ள நிலையைப் பொறுத்து செயல்படவும்.

* டிரைவ் எழுத்து மட்டும் இல்லை: ரைட் கிளிக் செய்து, டிரைவ் லெட்டரை மாற்றும் பிரிவில் புதிய எழுத்து தரவும். விண்டோஸ் தனக்கென வைத்துள்ள இஎப்ஐ, ரெகவரி பிரிவுகளுக்கு எழுத்து தர வேண்டாம்.

* ஆப்லைன்: டிஸ்க் எண்ணில் ரைட் கிளிக் செய்து ஆன்லைன் தரவும்.

* நாட் இனிஷியலைஸ்டு: புதிய டிஸ்க் என்றால் ஜிபிடி முறையில் இனிஷியலைஸ் செய்து, நியூ சிம்பிள் வால்யூம் உருவாக்கவும். பழைய எம்பிஆர் முறை 2 டெராபைட் வரை மட்டுமே கையாளும்.

* ரா: பைல் சிஸ்டம் பாதிக்கப்பட்டுள்ளது. பார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல் தரவும்.

கடைசி இரண்டில்தான் பலர் தங்கள் திருமணப் போட்டோக்களையும் கணக்குப் பைல்களையும் இழக்கிறார்கள். உங்கள் பைல்கள் உள்ள பழைய டிஸ்க் இந்த நிலையில் இருந்தால், எதையும் எழுத வேண்டாம். டிஸ்க்கை அப்படியே கழற்றி, தகவல் மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் தரவும்.

டிஸ்க் மேனேஜ்மெண்டிலும் தெரியவில்லை எனில், டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கண்ட்ரோலர்ஸ் பிரிவைப் பார்க்கவும். மஞ்சள் அடையாளம் இருந்தால் டிரைவரை அப்டேட் செய்திடவும். அப்டேட்டிற்குப் பின்னரே பிரச்னை வந்தது எனில், ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் ரோல் பேக் டிரைவர் கிளிக் செய்து பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

டிஸ்க் மீண்டும் தெரிந்தவுடன் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. முக்கியமான பைல்களை வேறொரு டிஸ்க்கில் பேக் அப் எடுத்து வைக்கவும். டிரைவரை எப்போது வேண்டுமானாலும் டவுண்லோட் செய்யலாம். உங்கள் பைல்களை எந்தத் தளமும் தராது.