காலியாக வந்த டப்பா

என் தம்பிக்கு ஏழு வயது. லுக்குட்டில் முதலாம் ஆண்டு படிக்கிறான். பள்ளி திறந்த நாளிலிருந்து அவனுடைய சாப்பாட்டு டப்பா தினமும் காலியாகத்தான் வீடு திரும்பியது. வீட்டில் ஒரு வாய் கீரையை விழுங்க அரை மணி நேரம் எடுப்பவன், பள்ளியில் மட்டும் எப்படித் துடைத்து வைத்ததுபோல் சாப்பிடுகிறான் என்று எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பாட்டிக்கோ பெருமை தாங்கவில்லை.

பருவ விடுமுறைக்கு நான் ஊர் திரும்பிய முதல் வாரத்தில் பள்ளி வேன் ஓட்டும் அங்கிள் என்னைத் தனியே அழைத்தார். "ஒன் தம்பி வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி சாப்பாட்ட நாய்க்குக் கொட்டிட்டு வர்றான்மா. அடிக்காத, என்னான்னு கேட்டுப் பாரு" என்றார்.

பாட்டி முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாங்களும் லயன் வீட்டை விட்டுத் தாமானுக்குக் குடிவந்துவிட்டோம். ஆனாலும் விடிகாலை நான்கரைக்கு எழும் பழக்கம் அவரை விடவில்லை. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்பதால் தம்பிக்குச் சமைப்பது பாட்டிதான். சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், சில நாள் கருவாடு. அதைத்தான் நாய் தின்றுகொண்டிருந்தது. பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு முன் நாங்கள் அவனைச் சாப்பிட வைத்த விதம் உங்கள் வீட்டிலும் இருக்கும். முதலில் அதட்டுவோம். பலிக்காவிட்டால், "சாப்பிட்டு முடி, கைப்பேசி தர்றேன்" என்போம். இந்தக் கைப்பேசி லஞ்சத்தைப் பற்றி எனக்கு இப்போது வேறு கருத்து. அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச்சும் அவருடைய குழுவினரும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பால் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, பிறகு அந்தப் பானத்தின் மீதே விருப்பம் குறைந்துபோனதாம். பரிசு கொடுத்துத் தின்ன வைக்க வேண்டிய பொருள் என்றால் அது நல்ல பொருளாக இருக்காது என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடுகிறது போலும்.

ஜப்பானில் சோற்றையும் காய்கறியையும் கார்ட்டூன் முகமாக அடுக்கி அனுப்பும் 'கியாராபென்' காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒருநாள் சோற்றைக் கரடி முகமாக உருட்டி, உலர்ந்த திராட்சையில் கண்ணும் கேரட்டில் வாயும் வைத்து அனுப்பினேன். நாய்க்குப் போகவில்லை, ஆனால் டப்பா கனமாகவே திரும்பியது. கரடியின் இரண்டு காதுகளை மட்டும் காணோம்.

"முகத்தத் தின்னா பாவம்க்கா" என்றான்.

அலங்கரித்தால் குழந்தை சாப்பிடும் என்று ஆய்வே சொல்கிறதே என்று தேடப்போய், ஒரு வேடிக்கையான வரலாறு அகப்பட்டது. ஆப்பிளின் மேல் எல்மோ பொம்மைப் படம் ஒட்டினால் பிள்ளைகள் அதை விரும்பி எடுக்கிறார்கள் என்று கார்னல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்கும் அவருடைய குழுவினரும் 2012இல் எழுதினார்கள். 8 முதல் 11 வயது மாணவர்களிடம் செய்த ஆய்வு என்று அதில் இருந்தது. உண்மையில் அவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். 2017இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இடுபணிக்கு மேற்கோள் தேடும் நண்பர்கள் கவனிக்க!

பர்ச்சின் இன்னோர் ஆய்வுதான் எனக்குக் கைகொடுத்தது. 1990இல் வெளிவந்தது. நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு டோஃபுவை ஒரு குழுவுக்கு இனிப்பாகவும், ஒரு குழுவுக்கு உப்பாகவும், ஒரு குழுவுக்கு எதுவும் சேர்க்காமலும் 15 தடவை சுவைக்கக் கொடுத்தார்கள். எந்தக் குழு எதைச் சுவைத்ததோ, அதற்கு அதுவே பிடித்துப்போனது. அப்படியென்றால் கேரட்டை அரைத்துக் குழம்பில் ஒளித்து வைத்தால் பிள்ளை பழகுவது குழம்புக்குத்தான், கேரட்டுக்கு அல்ல. கேரட் கேரட்டாகவே, விரல்நுனி அளவு, திரும்பத் திரும்ப அவன் கண்ணில் பட வேண்டும். நான் கணக்கியல் மாணவி. ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டு, என்ன போனது, என்ன திரும்பி வந்தது என்று எழுத ஆரம்பித்தேன்.

கணக்கு எழுதினாலும் காரணம் தெரியவில்லை. வேன் அங்கிள் சொன்னதைத்தான் கடைசியில் செய்தேன்: கேட்டேன். பதில்கள் எதுவும் நான் நினைத்தவை அல்ல. மூடி இறுக்கம், அவனால் திறக்க முடியவில்லை. ஓய்வு நேரம் இருபது நிமிடம். ஆசிரியரைத் தேடித் திறந்துகொண்டு வருவதற்குள் பாதி போய்விடும். பருப்புச் சோறு பத்து மணிக்குள் கட்டியாகிவிடுகிறது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நாறுதுன்னு சொல்றாங்கக்கா. அவங்க எல்லாம் நகெட் கொண்டாராங்க" என்றான்.

நான் பேசாமல் இருந்தேன். இடைநிலைப்பள்ளியில் பாட்டியின் புளிச்சோற்றை மூடிக்குப் பின்னால் மறைத்துச் சாப்பிட்டவள்தானே நானும்!

ஒரு வீட்டில் வரும் இந்தச் சிக்கல் ஒரு மாநிலத்துக்கே வந்ததுண்டு. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் விரிவுபடுத்திய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் நாம் படித்தவைதாம். அங்கே நெடுங்காலம் தட்டில் விழுந்தது பெரும்பாலும் சோறும் சாம்பாரும். 2013இல் அரசு சோதனை முறையில் உணவுப் பட்டியலை மாற்றி, பிறகு மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. கறிவேப்பிலை சாதம், கீரை சாதம், தக்காளி சாதம், வெஜிடபிள் பிரியாணி என்று 13 வகைச் சாதங்கள். மிளகு முட்டை, தக்காளி முட்டை என 4 வகை முட்டை மசாலாக்கள். கவனியுங்கள்: கீரையை யாரும் தூக்கிவிடவில்லை. அரிசி, பருப்பு, கீரை, முட்டை என்று பொருள்கள் பழையவைதான். நாளுக்கு நாள் வடிவம் மாறியது.

அதையே லுக்குட்டில் செய்தேன். முதல் வேலை, அவன் விரலுக்கே திறக்கும் டப்பா. முருங்கைக்கீரை ஆம்லெட்டாகிச் சுருண்டது. இட்லி சிறு சதுரங்களாகி நல்லெண்ணெயும் பொடியும் பூசிக்கொண்டது. வேலியில் பூத்த சங்குப்பூவைத் தம்பியே பறித்து வந்தான். அந்த நீரில் மாவு பிசைந்து பிழிந்த நீல இடியாப்பம்தான் அவன் முதன்முதலாக முழுதாகச் சாப்பிட்டு வந்த பள்ளிச் சாப்பாடு. "நாந்தான் கலர் போட்டேன்" என்று நண்பர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தானாம். கரடி செய்ய முக்கால் மணி நேரம் எடுத்தது. இதற்கு அவன் பறித்த பத்துப் பூ போதும்.

அளவுக்குச் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையைப் பின்பற்ற முயல்கிறேன்: கால் பங்கு சோறு வகை, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு வகை, அரைப் பங்கு காயும் பழமும். அரைப் பங்கு காய் என்பது தம்பியிடம் இன்னும் கனவுதான். இப்போதைக்குப் பப்பாளியும் கொய்யாவும் ஈடுகட்டுகின்றன. ஆனால் இது எங்கள் வீட்டுக் கவலை மட்டுமல்ல. 2019 தேசிய சுகாதார, நோய்ப்பாதிப்பு ஆய்வின்படி நம் நாட்டில் 5 முதல் 17 வயதினரில் 29.8 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நகெட்டை மட்டும் குறை சொல்லி இதை முடிக்க முடியாது. விடிகாலையில் சமைக்க ஒரு பாட்டி எல்லா வீட்டிலும் இல்லை.

நாய் விவகாரம் பாட்டிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திட்டவில்லை. "தோட்டத்துல தூக்குச் சட்டியத் தொறந்தா யாரு கறி நாறுதுன்னு பாத்ததில்ல, எல்லாரும் பிச்சித் தின்னோம்" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து கருவாடு சனிக்கிழமைக்கு மாறியது. வீட்டில் கருவாட்டுக்கு முதலில் தட்டை நீட்டுபவன் தம்பிதான்.

குறிப்பேட்டில் கேரட் பதினோராவது முறை கடிபட்டிருக்கிறது. பாகற்காய் ஆறு முறை போய் ஆறு முறையும் முழுதாகத் திரும்பியிருக்கிறது. அடுத்த வாரம் எனக்குப் பல்கலைக்கழகம் திறக்கிறது. குறிப்பேட்டைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.