வீட்டோடு சேர்ந்து வரும் பக்கத்து வீட்டுத் தகராறு

கண்டி அம்பிட்டியவில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைப் பார்க்க நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். புது பெயின்ட், புது கேற். தரகர் உள்ளே டைல்ஸைப் புகழ்ந்துகொண்டிருக்க, நண்பர் பின்பக்கத் தாங்கு மதிலருகே நின்றுவிட்டார். மண்ணுக்குள் தேங்கும் மழைநீர் வடிவதற்காக மதிலின் அடியில் வரிசையாக பீவீசி குழாய்த் துண்டுகள் பதித்திருந்தார்கள். கீழ் வீட்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்த அவற்றின் வாய்கள் ஒன்றுவிடாமல் சீமெந்தால் அடைக்கப்பட்டிருந்தன. அடைத்தவர் கீழ் வீட்டுக்காரர். மேல் வீட்டுத் தண்ணீர் தன் முற்றத்துக்கு ஏன் வர வேண்டும் என்பது அவர் கட்சி. போக வழியில்லாத தண்ணீர் உள்ளிருந்து தள்ளியதில் மதிலின் நடுப்பகுதி நாலு விரல் அளவுக்குப் புடைத்திருந்தது.

"அது ஒண்ணுமில்ல சேர், பழைய கதை" என்றார் தரகர். விசாரித்தால், பொலிஸில் இரண்டு முறைப்பாடு, மத்தியஸ்த சபையில் தீராமல் போன ஒரு விசாரணை. பேசிய விலையில் இதெல்லாம் அடக்கமா என்று யாரும் சொல்லவில்லை.

வீடு விற்பவர் இப்படியான பிணக்குகளைத் தானாகவே சொல்ல வேண்டுமா? இங்கிலாந்தில் விற்பவர் நிரப்பிக் கொடுக்கும் 'டீஏ6' என்ற படிவத்தில் அயலவர் தகராறு பற்றி நேரடியாகவே கேள்வி இருக்கிறது. பாதை தொடர்பான சண்டையை மறைத்து, அதற்கு முன்பிருந்த இதே வகைப் படிவத்தில் பதில் எழுதிய ஒரு தம்பதியர், 2003இல் வீட்டை வாங்கியவருக்கு 67,500 பவுண் நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. கலிபோர்னியாவில் 1987 முதல் இத்தகைய வெளிப்படுத்தல் பத்திரம் சட்டப்படி கட்டாயம். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது.

இலங்கையில் அப்படி ஒரு படிவம் இல்லை. காணி விற்பனையில் இங்கே பேசுவது ரோமன் டச்சுச் சட்டம். (ஒல்லாந்தரால் கடைசிவரை ஆள முடியாத ஊர் கண்டி. கண்டியச் சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லும் என்று 1852இல் ஆங்கிலேயர் எழுதிவைத்ததால், ஒல்லாந்தர் சட்டம் இந்த வழியாக மலையேறியது.) அதன்படி, கண்ணுக்குத் தெரியும் குறையைப் பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு. வெளியே தெரியாத குறையை அறிந்தே மறைத்தால் விற்றவர் தப்ப முடியாது. விற்பனையே ரத்தாகலாம், விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் நேரலாம். கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் அது மோசடி. ஆனால் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை என்றால் வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

எல்லாச் சண்டையும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டு நாய் இரவெல்லாம் குரைக்கிறது, அவர்கள் வீட்டு விசேஷத்தில் ஸ்பீக்கர் அலறுகிறது என்பவை ஆட்களைப் பொறுத்தவை. ஆள் மாறினால் ஓய்ந்துவிடக்கூடும். எல்லை, வழி, தண்ணீர், மதில், மரம் என்று வருபவை காணியோடு ஒட்டியவை. உறுதி யார் பெயருக்கு மாறினாலும் அவை கூடவே வரும். பின்னதை மறைப்பது கிட்டத்தட்ட வீட்டின் ஒரு மூலையை மறைத்து விற்பதுதான் என்பேன்.

கண்டியில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். ஹந்தானைச் சரிவிலோ அஸ்கிரியவிலோ ஒரு வீட்டின் தரை பல இடங்களில் கீழ் வீட்டுக் கூரை மட்டத்தில் இருக்கும். மேட்டிலிருந்து இயற்கையாக வழியும் நீரைத் தாழ்ந்த காணி ஏற்றாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் கூரை நீரையெல்லாம் ஒரே குழாயில் சேர்த்து அடுத்தவர் முற்றத்தில் கொட்ட மேல் வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. கீழ்க் காணிக்காரருக்கும் கட்டுப்பாடு உண்டு. அவர் தன் பக்கத்து மண்ணை வெட்டியதால் மேல் காணி சரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பக்கத்துக் கட்டடம் உயிர்ப் பிரச்சினையாகவும் மாறும் என்பதற்கு 2020 செப்டெம்பர் 20 அதிகாலை சாட்சி. அன்று பூவெலிகடயில் ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து, ஒரு தம்பதியும் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத அவர்களின் குழந்தையும் மாண்டுபோனார்கள்.

காணிப் பதிவகத்தில் தேடினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அங்கே அடமானம் தெரியும், உறுதிகளின் தொடர்ச்சி தெரியும், பங்கு வழக்குப் போட்டு அதைப் பதிந்திருந்தால் அதுவும் தெரியும். பொலிஸ் முறைப்பாடு தெரியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபையில் எழுதிக்கொண்ட இணக்கம் தெரியாது. 'அறுபத்தாறு' என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்லும் வழக்கும் அங்கே ஏறாது. அது 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. காணிச் சண்டையால் சமாதானம் குலையும் நிலை வந்தால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடுவார்கள். காணி யாருக்குச் சொந்தம் என்பதை விட்டுவிட்டு, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து நீதவான் கட்டளையிடுவார். மாவட்ட நீதிமன்றம் உரித்தைத் தீர்மானிக்கும்வரை அந்தக் கட்டளைதான் செல்லும். உறுதி சுத்தமாக இருக்க, வாசல் வழி மட்டும் இன்னொருவர் பிடியில் இருக்கும் விந்தை இப்படித்தான் உண்டாகிறது.

எல்லைத் தகராறு பழையதென்றால் இன்னும் ஆபத்து. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரியவரின் உரிமையை ஏற்காமல் பத்து ஆண்டு இடையறாது ஆண்டுவந்தவர் அந்தத் துண்டுக்கு உரிமை கோரலாம். வேலி இரண்டடி தள்ளி நின்றால் பத்துப் பேர்ச் காணியில் அது சின்ன விஷயமல்ல. பழைய வரைபடத்தின்மேல் புது அளவையைப் பொருத்திப் பார்க்கச் சொல்லி சர்வேயரிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாங்கிய பிறகு அயலவர் உரித்தைக் கேட்டு வழக்குப் போட்டால், விற்றவருக்கு உடனே அறிவித்து உரித்தை நிலைநாட்டச் சொல்ல வேண்டும். உறுதியில் உள்ள உத்தரவாத வாசகம் அதற்குத்தான். புடைத்த மதிலுக்கு அது பயன்படாது.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள். எல்லை, வழி, தண்ணீர், மதில் பற்றி முறைப்பாடோ வழக்கோ இணக்கமோ இருந்ததா, இருக்கிறதா என்ற கேள்வியையும் விற்பவரின் பதிலையும் விற்பனை உடன்படிக்கையில் சேர்க்கும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். ஐந்து நிமிடச் சங்கடம் அது. வாயால் சொன்னதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது ஆண்டுக்கணக்கான பாடு.

விற்பவருக்கும் இதில் நட்டமில்லை. தீர்ந்த தகராறென்றால் மத்தியஸ்த சபை கொடுத்த இணக்கச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம். தீராததென்றால் விலையில் கொஞ்சம் குறையும். ஆனால் எழுத்தில் சொல்லிவிட்டதை மறைத்தார் என்று பின்னால் யாரும் வழக்காட முடியாது.

அம்பிட்டிய வீட்டை நண்பர் வாங்கவில்லை. இப்போது குண்டசாலைப் பக்கம் ஒன்று பார்க்கிறார். நல்ல மழை நாளாகப் பார்த்துக் குடையோடு போகச் சொல்லியிருக்கிறேன். முதலில் கீழ் வீட்டுக் கதவைத் தட்டவும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.