அளவையும் பிழையும்

புதுவாயலை அடுத்த தொழிற்பேட்டைகளில், எடைமேடையில் சுமையேற்றுமுன் அது சுழியம் காட்டுகிறதா என நோக்குவர். வானை அளப்போர்க்கும் இதுவே முதற்கடமை.

1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். பின்னர் அது வடபுலம் சென்றபோது, கலியானாவுக்கும் கலியான்பூருக்கும் இடையே நில அளவையும் விண்மீன் கணிப்பும் 5.236 விகலை முரண்பட்டன. இமயம் தூக்குக்குண்டைத் தன்பால் ஈர்த்ததே காரணம் என்றார் கல்கத்தாப் பாதிரியார் பிராட். ஆயின், அவர் கணக்கிலோ 15.885 விகலை வந்தது! நியூட்டன் விதி பொய்த்ததோ? இல்லை. மலைக்கடியில் அடர்த்தி குறைந்த பாறை ஆழ்ந்திருப்பதே காரணம் என 1855இல் ஜார்ஜ் ஏரி விளக்கினார். விதி நின்றது, மலையைப் பற்றிய நம் எண்ணமே திருந்தியது.

இன்று ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையை விண்மீன் திரள்களால் சோதிக்கின்றனர். செந்நிறப் பெயர்ச்சியால் தொலைவு கணிக்கையில் திரளின் சொந்த ஓட்டமும் அதிற் கலக்கும். அவ்வோட்டமே ஈர்ப்பின் வலிமைக்குச் சான்றுமாகும். வழியிலுள்ள தூசு ஒளியை மங்கச்செய்யும். இப்பிழைகளை நீக்காவிடின் கொள்கையே தவறெனத் தோன்றும். எனவே 'டெசி' ஆய்வினர், மனம் ஒருபால் சாயாதிருக்க, சோதனைகள் முடியும்வரை உண்மை முடிவைத் தம் கண்ணுக்கே மறைத்து வைத்தனர். ஏறத்தாழ 60 இலட்சம் திரள்களையும் குவேசார்களையும் ஆய்ந்து, கொள்கை பொருந்துகிறது என 2024இல் அறிவித்தனர்.

மாணவர்களே, பிழையை ஒப்புவது இழிவன்று. ஆராயாது விடுவதே இழிவு.