பாட்டி கை மசாஜ்: எது சயின்ஸ், எது டேஞ்சர்?

மாமல்லபுரம் பக்கம் போனா மசாஜ் போர்டு நிறைய பார்த்திருப்பீங்க. அதெல்லாம் பெரியவங்களுக்கு. ஆனா பிறந்த குழந்தைக்கு மசாஜ் செய்றது அதைவிட ரொம்பப் பழைய விஷயம்.

சீனாவில் இதுக்குப் பேர் 'துய்னா'. 'துய்' என்றால் தள்ளுவது, 'னா' என்றால் பிடிப்பது. 1601-ல் வந்த ஒரு பெரிய அக்குபங்சர் நூலிலேயே குழந்தை மசாஜுக்குத் தனிப் பகுதி இருக்கு. விரல், உள்ளங்கை, வயிறு, முதுகுன்னு தேய்ப்பாங்க. முதுகெலும்பை ஒட்டி தோலை மெதுவா கிள்ளி உருட்டிக்கிட்டே மேலே போறது இதில் ரொம்ப பிரபலம்.

நம்ம சித்த மருத்துவத்தில் இது 'தொக்கணம்'. தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல்னு மொத்தம் 9 வகை. நம்ம மாவட்டத்திலேயே, தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கு. வீட்டில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல போட்டு எண்ணெய் தேய்ப்பாங்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

சயின்ஸ் என்ன சொல்லுது?

1986-ல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் குழு குறைமாதக் குழந்தைகளுக்கு தினமும் 3 தடவை, 15 நிமிஷம், 10 நாள் மசாஜ் செய்து பார்த்தாங்க. மசாஜ் கிடைக்காத குழந்தைகளைவிட இவங்க எடை ஒரு நாளைக்கு 47% அதிகமா ஏறுச்சு. இத்தனைக்கும் குடிச்ச பால் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை! காரணம் அழுத்தம் என்கிறது அவங்க விளக்கம். மிதமா அழுத்தும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, வயிறு, குடல் இயக்கம் கூடுது. சும்மா வருடினா இந்தப் பலன் கிடைக்காது.

எங்கே நிறுத்தணும்?

* மூக்கில், காதில் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனா நிமோனியா வரும்.
* குழந்தை விடாம அழுதா 'உரம் விழுந்திருக்கு'ன்னு புடவையில் போட்டு உருட்டுவாங்க. ஆனா அந்த அழுகை காது வலியா இருக்கலாம், குடல் சொருகலாகவும் இருக்கலாம். குடல் சொருகலில் சில மணி நேரத் தாமதமே உயிருக்கு ஆபத்து.
* அழுகையோட வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், பால் குடிக்காம இருப்பது, இதில் எது இருந்தாலும் செங்கல்பட்டு ஜி.எச். மாதிரி குழந்தை டாக்டர் இருக்கிற இடத்துக்கு உடனே கிளம்பணும்.

அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்தா, வீட்டில் இதை எடுத்துச் சொல்லுங்க. பாட்டி தேய்க்கட்டும், தப்பே இல்லை. மூக்குக்கு எண்ணெய் எடுத்தா மட்டும் "வேணாம் பாட்டி"ன்னு தைரியமா சொல்லிடுங்க.